மோடத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த வேகம்

பிராட்பேண்ட் கோளாறுகளை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என் வேலை. மேற்கு மாம்பலத்தில் ஒரு அம்மா, நெட் விட்டுவிட்டு வருவதாகப் புகார் கொடுத்திருந்தார். நான் ஹாலில் மோடத்தை ஒட்டி நின்று செல்போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டேன்.

“பாருங்கம்மா, நூறு காட்டுது. லைன்லாம் நல்லாத்தான் கீது.”

“உள் ரூம்ல வந்து பாருப்பா. எங்க வூட்டுக்காரரு அங்கதான் படுத்த படுக்கையா இருக்காரு. துபாய்லேர்ந்து பையன் வீடியோல பேசுனா மூஞ்சி அப்படியே நின்னுடுது.”

நடுவே இரண்டு சுவர்கள். அங்கே போனால் வேகம் குறையும், மோடத்தை இடம் மாற்ற அரை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். “ஃபால்ட் இல்லம்மா, ஓடிபி சொல்லுங்க” என்றேன். அது இல்லாமல் புகாரை முடிக்க முடியாது. அவரும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, இணைப்பு வேண்டாம் என்று அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. உள் அறைக் கட்டிலில் மெத்தை இல்லை. மோடத்தைக் கழற்றுவதற்கு முன், அந்தக் கட்டிலருகே நின்று டெஸ்ட் போட்டேன். இரண்டு காட்டியது.

“நீ நூறுன்னு சொன்னியேப்பா. போன்லதான் கோளாறுன்னு நெனச்சு புதுசு வாங்கினேன். அதுலயும் அவரு கடைசி வரைக்கும் புள்ள மூஞ்சிய ஒழுங்கா பாக்கல.”

அன்று நான் காட்டிய நூறு பொய்யில்லை. ஆனால் அது நான் நின்ற இடத்தின் வேகம். அவர் படுத்திருந்த இடத்தை நான் அளக்கவேயில்லை.

இணைப்பைத் துண்டிப்பதற்கும் ஓடிபி வந்தது. நான் கேட்பதற்கு முன்பே அந்த அம்மா படித்துச் சொன்னார்.