பதினாலாம் கட்டிலின் நுரை

ஷேவிங் பிரஷ் வெதுவெதுப்பான தண்ணீரில் தலைகீழாக ஊறிக்கொண்டிருக்கும்போது அவள் யாரோடும் பேசமாட்டாள். ஊறியதும் எடுத்து இரண்டே உதறு. மூன்றாவது உதறு உதறினால் இழைகளில் ஈரம் தங்காதாம். பிறகு சோப்பின் மேல் சுற்றத் தொடங்குவாள். குமிழி கிளம்பவே விடமாட்டாள். பற்பசை போலக் கெட்டியாக ஏறின பிறகுதான் கிண்ணத்துக்கு வருவாள். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு நிமிடச் சுழற்று. இன்னொரு சொட்டு, இன்னொரு சுழற்று. கடைசியில் நுரையின் நடுவே சுண்டுவிரலால் ஒரு கோடு கிழிப்பாள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடலாம்.

அதுவரை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். அவர் மட்டுமல்ல, வார்டே.

ஆண்கள் அறுவை வார்டில், ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு மழித்துவிடுவது அவள் வேலை. தாடை, கழுத்து, மார்பு, சில நாள் முழுத் தலை. பொம்பளை கையில் பிளேடா என்று முதல் வாரம் நெளிந்தவர்கள் இரண்டாம் வாரமே 'நுரையக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அறுபதைத் தாண்டியவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளும் விட்டுக்கொடுக்காமல், "என்ன தம்பி, பல்செட்டைக் கழட்டி வச்சாச்சா?" என்பாள்.

சோப்பும் பிரஷும் ஆளுக்கொன்று. வாசலுக்கு எதிர்க்கடையில் உறவுக்காரர்கள் வாங்கி வருவது. தண்ணீர் மட்டும் அவளுடையது. மாடித் தொட்டியில் வருவது உப்புத் தண்ணீர் என்பதால் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவாள். "அந்தத் தண்ணில நுரை பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துரும்" என்பாள். குழாயடியில் வைத்துத்தான் அப்படிச் சொல்வாள். அந்த வார்த்தை வார்டுக்குள் அவள் வாயில் வராது.

எல்லாம் ஒரு கேலிப் பேச்சில் ஆரம்பித்தது. ஒரு தையல்காரர் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சிரிக்கவைக்க, மிச்ச நுரையோடு கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்து, "இது இறங்கறதுக்குள்ள திரும்பி வந்துருவீங்க, பாருங்க" என்றாள். நாலு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவர் பெண்டாட்டியைக் கேட்கவில்லை. "நுரை இருக்கா?" என்றார். இருந்தது. அடுத்த கட்டில்காரர் தனக்கும் வைக்கச் சொன்னார். அதற்கடுத்தவரும்.

பிறகு ஒரு நாள், பத்தரை மணிக்கே ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர் தெளிந்து நின்றது. அந்த ஸ்ட்ரெச்சர் லிஃப்டைவிட்டு வெளியே வந்தது. வார்டு பக்கம் வராமல், பிணவறை இருக்கும் மறுபக்கம் திரும்பிப் போய்விட்டது.

அன்றிலிருந்து யாரும் இதை வைத்துச் சிரிப்பதில்லை. ஜன்னல் விளிம்பில் எவர்சில்வர் கிண்ணங்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் ஈரத்துணி, பக்கவாட்டில் கட்டில் எண் எழுதிய பிளாஸ்திரி. அந்த ஜன்னலுக்கு மேலுள்ள மின்விசிறியை எந்த வெயிலிலும் போடமாட்டார்கள். ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டிவிட்டால் கிண்ணத்தை அவள்கூடத் தொடக் கூடாது. அது அவள் போட்ட விதிதான். ஆனால் போகும்போதும் வரும்போதும் குனிந்து காது கொடுப்பாள். நுரை இறங்கினால் சத்தம் வருமாம்.

"என்ன சத்தம்?" என்று ஒருமுறை நர்ஸ் கேட்டார்.

"அடுத்த ரூம்ல யாரோ பேசற மாதிரி, சிஸ்டர். என்ன பேசறாங்கன்னு புரியாது."

"பைத்தியம். எல்லாத்தையும் கழுவிக் கவுத்து வை."

"நீங்க கழுவுங்களேன்."

நர்ஸ் கழுவவில்லை.

இந்த வாரம் பதினாலாம் கட்டிலுக்கு வந்தவர் அவளுடைய அண்ணன். பஸ் ஓட்டுகிறவர். கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. அதை மறைத்துக்கொண்டு இருபது வருடத் தாடி. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீடு, தினம் ஒரு சண்டை, அதைவிட்டால் இருவருக்கும் வேறு நாதியில்லை.

"உன் சோப்பு ஜோசியத்தை மத்தவங்களோட வச்சுக்க. எனக்குக் கிண்ணமெல்லாம் வேண்டாம்" என்றார் அண்ணன்.

"வாயை மூடுண்ணே. நுரை உள்ள போயிரும்."

"போகட்டுமே. உன் சமையலுக்கு இது தேவலை."

பக்கத்துக் கட்டில்காரர் குலுங்கிச் சிரித்தார். மறுநாள் அவருடைய முறை. அவள் சிரிக்கவில்லை. அண்ணனுக்காயிற்றே என்று கை தாராளமாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தாள். சொட்டுச் சொட்டாக விடவேண்டிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ஊற்றியிருந்தாள். நுரை பொங்கிக் கிண்ணத்துக்கு மேலே எழுந்து நின்றது.

"அடேயப்பா! இதுல பஸ்ஸையே கழுவலாம் போலிருக்கே" என்றார் அண்ணன். கட்டிலுக்குக் கட்டில் முகங்கள் மலர்ந்தன.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் அவள் முதலில் சொல்வதே இதைத்தான்: "பொங்குச்சுன்னா உள்ள வெறும் காத்து. நிக்காது." கொட்டிவிட்டு மறுபடி கலக்கலாம்தான். ஆனால் வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவருடைய கிண்ணத்தை எப்படிக் கொட்டுவது? அன்று சுண்டுவிரலால் கோடு கிழிக்காமலே மழிக்க ஆரம்பித்தாள்.

தாடிக்கு அடியிலிருந்து வேறொருவர் வந்தார். சின்ன மோவாய், பயந்த வாய். கண்ணாடி கேட்காமல் படுத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் நகரும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அந்தக் கிண்ணத்தை வச்சிரு" என்றார்.

வைத்தாள். ஒன்பது மணிக்குப் பாதி இறங்கியிருந்தது. பத்து மணிக்கு ஈரத்துணி நடுவில் குழிந்து உள்ளே தொங்கியது. வார்டில் ஒருவரும் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். அவள் குனிந்து காது கொடுத்தாள். வழக்கமாகச் சட்டென்று நிமிர்ந்துவிடுவாள். இன்று நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். என்ன கேட்டது என்று யாரும் கேட்கவில்லை.

அவள் ஈரத்துணியை விலக்கினாள். பிரஷை எடுத்தாள்.

எவர்சில்வரில் இழை உரசும் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. ஒருவரும் திரும்பவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் மட்டும், சுவரைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, தன்னுடைய புதுச் சோப்பை அவள் பக்கமாக நகர்த்தினார்.

லிஃப்டின் கதவு திறந்தது. சக்கரங்கள் உருண்டு வெளியே வந்தன. எந்தப் பக்கம் திரும்பப்போகின்றன என்று வார்டே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விட்டு, சுழற்றிக்கொண்டே இருந்தாள்.