கள்ளக் காய்ச்சல்

எனக்கு வந்த காய்ச்சலுக்கு வீட்டில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: கள்ளக் காய்ச்சல். மாதத்துக்கு ஒருமுறை வரும், வயிற்றைப் பிடித்து முறுக்கும், சில நாளில் ஒன்றுமே நடக்காதது போலப் போய்விடும். போனவுடன் எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டின் மாடிப்படிகளில் நான் ஓடித் திரிவேன். அதுதான் நான் செய்த குற்றம்.

ஒவ்வொரு முறையும் டெங்கு என்று பயந்து இரத்தம் எடுப்பார்கள், பப்பாசி இலைச் சாற்றையும் பருக்குவார்கள். ரிப்போட்டைப் பார்த்த டொக்டர், கிருமி ஒன்றும் இல்லை என்றார். கிருமி இல்லையென்றால் காய்ச்சலும் இல்லை என்று எங்கள் வீட்டார் தாங்களாகவே முடிவு கட்டினார்கள். கொதிக்கிற உடம்போடு நான் படுத்திருக்க, பக்கத்தில் நின்றே அதைச் சொன்னார்கள். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கணக்குச் சோதனை அன்று காலை அது மறுபடியும் வந்தது. கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். எனக்கு ஒளிக்க என்ன தேவை? எங்களோடு இருந்த சித்தப்பா அதையெல்லாம் கேட்கவில்லை. நான் தெர்மாமீற்றரைச் சூடான தேத்தண்ணீருக்குள் தோய்க்கிறேன் என்று தன்பாட்டில் கண்டுபிடித்திருந்தார். ஆகவே தானே அதை என் கக்கத்தில் வைத்து, கையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பொலிஸ்காரர் மாதிரி இருந்தார். நூற்றுமூன்று காட்டியது. "இது பழுது" என்று சொல்லிவிட்டு, காலி வீதிக் கடைக்கு இறங்கிப்போய்ப் புதிசு வாங்கி வந்தார். அதுவும் நூற்றுமூன்று. தன் கக்கத்திலும் வைத்துப் பார்த்தார். அவருக்கு மட்டும் சரியாகக் காட்டியது.

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது எனக்காகக் கதைப்பார் என்று நினைத்தேன்.

"எழும்பி வெளிக்கிடு. நானும் உன்ர வயசிலை மாசாமாசம் காய்ச்சல் எண்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு படுத்தனான். அடிச்சுத்தான் என்னைத் திருத்தினவை."

அழுதழுது எழுதிய சோதனையில் பாதிக் கணக்கு விட்டுப்போனது. அம்மாவை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

வளர்ந்த பிறகு ஒரு ஸ்பெஷலிஸ்ட் விளக்கினார். கிருமி எதுவும் வராமலே உடம்பின் காவல் தானாகப் பதறி எழும்பி நெருப்பு மூட்டுமாம். பரம்பரையாக வருமாம். தினமும் குளிசை போட்டால் அடங்குமாம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் இல்லை, டொக்டர்" என்றார் அம்மா. "எனக்குச் சின்னனிலை வந்தது சும்மா கள்ளம்."

நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும் சில நாட்களில் அம்மா வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைப்பார். அது ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அடி வாங்கி அவருக்குக் காய்ச்சல் நிற்கவில்லை, சொல்வதைத்தான் நிறுத்தியிருக்கிறார் என்பது அந்தச் சோதனைக் காலையில் எனக்கு விளங்கவில்லை.