முடிச்சுப் போடும் கஸ்பார்

வயரின் இரண்டு கம்பிகளில் கைக்கு வந்த ஒன்றைப் பல்லால் பிரித்து, அதன் இரு நுனியிலும் முடிச்சுப் போட்ட பிறகுதான் கஸ்பார் அதைச் சுவர்க் குழாய்க்குள் விடுவார். முடிச்சு விழுந்தது பிளஸ், விழாதது மைனஸ். அதற்குத்தானே சிவப்பும் கறுப்பும் இருக்கின்றன என்று கேட்டால், "கலரு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் நைனா. முடிச்சு என் கையி போட்டது" என்பார்.

காலடிப்பேட்டைக்காரர். வாரத்தில் ஆறு நாள் எண்ணூர்ப் பக்கம் ஒரு வார்ப்பட ஆலையில் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்தால் ஹோம் தியேட்டர் வேலை. ஆலையில் ஒரு பல்புக்கு எந்தக் கம்பியை எங்கே கொடுத்தாலும் அது ஒளிரும். ஸ்பீக்கர் அப்படியில்லை. மாற்றிக் கொடுத்தாலும் பாடும். ஆனால் எதிர்ப்புறமாக மூச்சு விட்டுப் பாடும். சந்தேகம் வந்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து வயரில் தொட்டுப் பார்ப்பார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே தள்ளினால் சரி. உள்ளே போனால் தப்பு. முடிச்சுப் போட்ட வேலையில் அவருக்குச் சந்தேகமே வருவதில்லை. இதைச் சிறப்பென்று சொல்வதற்கில்லை.

பாட்டைக் கேட்டுப் பார்க்க அவர் சோபாவில் உட்கார மாட்டார். மின்விசிறியை நிறுத்தச் சொல்லித் தரையில் சம்மணமிடுவார். நாளெல்லாம் ஆலை இரைச்சலில் கிடந்த காது தரையில்தான் தெளியும் என்பது அவர் எண்ணம். அது உண்மையா என்று யாரும் சோதித்ததில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டோல்கேட் பாத்திரக்கடை உச்சிமாகாளி வீட்டுத் தரையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், பின்னால் இரண்டு சிறியவை, நடுவில் ஒன்று. செட்டை விற்றவர் ரஷீது. கடை திறந்து பத்து மாதம்தான் ஆகிறது. வயர் இழுத்தவர் கஸ்பார், முந்தைய வாரம்.

"என்னத்தவே மாட்டிவிட்டீரு? எங் கடைல அலுமினியச் சட்டியத் தட்டுனாக்கூட இதவிடக் கனமாக் கேக்கும்" என்றார் உச்சிமாகாளி.

"கொஞ்சம் இரு அண்ணாச்சி. கேட்டுக்கினுதான கீறேன்."

"கேக்கதுக்கு என்ன இருக்கு? ரஷீது டூப்ளிகேட்டத் தலைல கட்டிட்டான். சாயங்காலம் சங்கக் கூட்டத்துல நாலு பேரு முன்னால சொல்லிப்புட்டுத்தான் மறுசோலி."

வியாபாரிகள் சங்கத்தில் அப்படியொரு வார்த்தை விழுந்தால் டோல்கேட்டில் ரஷீதின் கடைப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள். கஸ்பாருக்கும் அது தெரியும்.

ஒலியை இடது பெட்டிக்கு மட்டும் திருப்பினார். தபலா கனமாக விழுந்தது. வலதுக்குத் திருப்பினார், அங்கேயும் கனம். இரண்டையும் சேர்த்தார், காணோம். தனியே விட்டால் இரண்டிலும் குறையில்லை. சேரும்போது ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்து வயர் நுனிகளில் பேட்டரியைத் தொட்டதும் இடது கூம்பு உள்ளே போனது.

அவர் வாசல் நிலைக்கு மேலே இருந்த ஜாயின்ட்டைப் பார்த்தார். போன வாரம் இடது வயர் எட்டவில்லை. வேறு சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டி நீட்டினார். பழைய வயரில் முடிச்சு கறுப்பில் இருந்தது. துண்டில் சிவப்பில் போட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி "இலை போட்டாச்சு, வாரும்" என்று கூப்பிட, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கி டேப் சுற்றிவிட்டு இறங்கினார். நிறத்தை நம்பாதவர் அந்த ஓரிடத்தில் நிறம் பார்த்தார்.

"பெட்டிதான கோளாறு? நீரு பாவம், என்ன செய்வீரு" என்று உச்சிமாகாளியே வழிவிட்டார். பிறகு தொலைபேசியை எடுத்து ரஷீதின் கடைக்குச் சுழற்றினார். "ஏல ரஷீது, எனக்கே காது குத்துதியா?" என்று தொடங்கியும்விட்டார்.

கஸ்பார் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினார். ஒரு நிமிட வேலை. 'பெட்டில சின்ன கோளாறு, எட்த்துட்டேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம்; கேட்க ஆளில்லை. பாட்டை வைத்தார். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது.

உச்சிமாகாளி பேச்சை நிறுத்தினார். "இந்தா வந்துட்டுல்லா! என்னத்தவே செஞ்சீரு?"

"நான் பண்ண தப்ப நானே சரி பண்ணேன். செட்டு சோக்கா கீது அண்ணாச்சி. ஜாயின்ட்டுல வயர மாத்திக் குட்த்தது நானு."

"நீரா? முடிச்சு முடிச்சுன்னு அம்புட்டு அளந்தீரே!"

"உன் வூட்டு மீன் கொழம்பு வாசன. கண்ண மறச்சிட்ச்சு."

"அப்ப சங்கத்துல உம்ம பேரத்தான் சொல்லணும்."

"சொல்லிக்கோ. கஸ்பாருன்னு கரீட்டா சொல்லு. ரஷீது பாய உட்டுடு."

உச்சிமாகாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் கையிலிருந்த ரிசீவருக்குள் ரஷீது "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கஸ்பார் அதை வாங்கினார். தபலாவின் கனம் தொலைபேசியில் போகாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் சுருள் வயர் எட்டும் மட்டும் இழுத்துக்கொண்டு போய், ரிசீவரை இடது பெட்டிக்கு நேரே நீட்டிப் பிடித்தார். பாட்டு முடியும்வரை கையை இறக்கவில்லை.