பிரஸ்ஸும் மாமாவின் மூன்று விரலும்

மூடிப்போன தொழிற்சாலைகளிலிருந்து வரும் கிழட்டு இயந்திரங்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, வேறு வேலைக்கு ஓடவைப்பது என் அக்காவின் தொழில். பட்டறையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'மறுபிறவி'. அவள் முடித்ததற்கெல்லாம் பச்சை பெயின்ட் அடிப்பது நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் தகடு வெட்டும் பிரஸ் ஒன்று வந்து இறங்கியது. எங்கள் தாய்மாமாவின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்ததே அதுதான். உருக்கித் தொலை என்று அக்காவிடம் கத்தினேன். அவள் மசியவில்லை. தப்பு இரும்பு மேல் இல்லை என்றாள். இரண்டு பொத்தானையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் அது இறங்கும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு பொத்தானில் மரத்துண்டைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டியவர் மாமாதான். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் எல்லோருமே அப்படித்தான் ஓட்டினார்கள்.

மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டி, காகிதத் தட்டு அழுத்தும் அச்சைப் பொருத்தினாள். ஓட்டிப் பார்த்த அன்று மாமா ஐந்து தெரு தள்ளி வீட்டில் இருந்தார். சாயங்காலம் நாங்கள் போனதும், "பன்னெண்டு தடவை ஓட்டினியா? இல்லாத விரல் பன்னெண்டு தடவை ஜில்லுனு ஆச்சு" என்றார். சரியாகப் பன்னிரண்டுதான். நான் சிரித்து வைத்தேன்.

பிரஸ்ஸை அடுத்த ஊரில் வாங்கிக்கொண்டார்கள். அதை ஓட்ட வந்த பெண்ணுக்கு அக்காவே போய்ச் சொல்லிக்கொடுத்தாள். அதன்பின் தினமும் ஒன்பது மணிக்கு மாமாவுக்கு அந்தக் குளிர் தொடங்கும், நிதானமாக, ஒரே சீராக. அவருக்கும் பழகிவிட்டது.

ஒரு நாள் காலை, எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"வேகமாயிடுச்சு. இது நான் ஓட்டின வேகம். அந்தப் பொண்ணு கட்டை செருகிட்டா."

அக்கா ஏன், எப்படி என்று கேட்கவில்லை. போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக அந்தப் பெண் எடுத்தாள்.

"பொத்தான்ல என்ன வச்சிருக்கே?"

"சின்னத் துண்டுதான் அக்கா. சீக்கிரம் முடிச்சிடலாம்னு..."

போனுக்குள் 'டொம்' என்று பிரஸ் இறங்கும் சத்தம் கேட்டது. அதே நொடி மாமா தன் கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

"யாரு அழுத்தினது?" என்றாள் அக்கா.

"யாருமே இல்ல அக்கா. நான் போன் எடுக்க வாசலுக்கு வந்துட்டேன்."

"உன் கை?"

"போனைப் பிடிச்சிட்டிருக்கேன் அக்கா."

மாமா விரலில்லாத கையைப் பார்த்தபடி உட்கார்ந்து அழுதார்.