மானகிரியில் திறந்த ஓய்வறை

சனிக்கிழமை, காலை ஏழரை. காரைக்குடி பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. நான்கு வெள்ளைப் பணியாரம் நாற்பது ரூபாய். கூடவே கண்ணில் நீர் வரவைக்கும் வரமிளகாய்த் துவையல். நான் நான்கு சாப்பிட்டேன். என்னோடு வந்த சட்டமன்ற உறுப்பினர் எட்டு சாப்பிட்டார். "சாப்பிட்டார்" என்கிற மரியாதை இந்த ஒரு வரியோடு சரி. கனகவல்லி என் கல்லூரித் தோழி. விடுதியில் என் தட்டிலிருந்து வடை எடுத்தவளை "அவர்" என்று எழுத எனக்குக் கை வராது.

முந்தின நாள் பிற்பகல் எழும்பூரில் ரயிலேறி வந்திருந்தோம். கனகாவின் தொகுதி வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. இங்கே அவளுக்கு ஓட்டுமில்லை, உறவுமில்லை. சிறு பட்டறைகளிலும் கடைகளிலும் வேலை செய்யும் பெண்களின் உடல்நலத்துக்காக ஒரு தனிநபர் மசோதாவை எழுதிக்கொண்டிருக்கிறாள். மாதவிடாய் நாட்களில் ஊதியத்தோடு விடுப்பு, வேலையிடத்தில் பெண்களுக்கென்று தனி ஓய்வறை: இந்த இரண்டும்தான் அதன் உயிர். அடுத்த கூட்டத்தொடரில் கொடுத்துவிட வேண்டும் என்று மேடை மேடையாகச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு மானகிரியில் ஒரு பட்டறை முதலாளி அவளை அழைத்திருந்தார். நான் வங்கியில் வேலை பார்ப்பவள். எனக்கு மூன்று நாள் விடுப்பு மிச்சமிருந்தது, செட்டிநாடு பார்த்ததில்லை. தொற்றிக்கொண்டேன்.

எட்டரை மணிக்கு வாடகைக் கார். மானகிரிக்குப் போய், காத்திருந்து, திரும்ப எழுநூறு ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"பங்களா பாக்க வந்தீகளா?"

"இல்லண்ணே, பலகாரம் போடுற இடத்துக்கு" என்றேன்.

"அழகம்மை ஆச்சி பட்டறையா? இன்னைக்கு அங்க ஏதோ தெறப்பு விழாவாம். யாரோ எம்மெல்லே வாராகளாம்."

கனகா என் காலை மிதித்தாள். அவர் பாட்டுக்குப் பேசட்டும் என்று அர்த்தம். திருப்பத்தூர் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர். இரு பக்கமும் செம்மண், கருவேலம் புதர், நடுநடுவே கட்டி முடிக்காத மனைகள். எம்மெல்லேக்கள் யாரும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை என்று ஓட்டுநர் வழியெல்லாம் விளக்கினார். மானகிரியில் இறங்கியபோது, விழாவுக்குச் சொன்ன ஒன்பது மணிகூட ஆகவில்லை. மாலையோடு நின்றவர்கள் காரைச் சூழ்ந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

கல்யாணச் சீருக்கும் முன்னோர் படைப்புக்கும் பலகாரம் செய்து வெளிநாடு வரை அனுப்பும் பட்டறை அது. பெரிய முற்றம். ஒரு பக்கம் நீளமான அடுப்புக் கொட்டகை, எதிர்ப் பக்கம் புதிதாகக் கட்டிய ஓர் அறை. அடுப்பில் மணகோலம் என்கிற செட்டிநாட்டு இனிப்பு பொரிந்துகொண்டிருந்தது. நெய்யும் ஏலக்காயும் கலந்த அந்த வாசனையில் எட்டுப் பணியாரம் சாப்பிட்டவளுக்குக்கூட மறுபடி பசித்திருக்கும்.

முதலாளி அழகம்மை ஆச்சிக்கு அறுபது வயதிருக்கலாம். கண்டாங்கிச் சேலை, கையில் கைப்பேசி, நடையில் ஒரு வேகம்.

"வாங்க, வாங்க. நீங்க மதுரையில பேசுனத இந்தப் போன்லதான் பாத்தேன். சட்டம் வரட்டும்னு நான் உக்காந்திருக்கல. கையோட கட்டிப்பிட்டேன். வந்து பாருங்க."

அறை வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. உள்ளே இரண்டு மின்விசிறி, கட்டில், சாய்வு நாற்காலிகள், வெந்நீர்க் குழாயோடு சுத்தமான கழிப்பறை. என் வங்கியில் இதில் பாதிகூடக் கிடையாது. வாசலுக்கு மேலே, முற்றத்தின் எந்த மூலையிலிருந்தும் படிக்கும்படி, ரோஸ் நிறத்தில் ஒரு பலகை: மகளிர் மாத ஓய்வறை.

"அந்த நாளுல இங்க வந்து படுத்துக்கிறட்டும். சம்பளமும் பிடிக்க மாட்டேன்" என்றார் ஆச்சி. சொன்னபடி செய்கிற முகம் அது. எனக்கு உடம்பெல்லாம் பெருமை. மேடையில் என் தோழி பேசியது ஒன்று, இதோ செங்கல்லாய் நிற்கிறது. கனகாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அறையைப் பார்க்கவில்லை. கொட்டகையில் இருந்த பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். ஒருத்திகூட இந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

"கொஞ்சம் இருங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். மாவு பிசைந்துகொண்டிருந்த ஒருத்தியின் பக்கத்தில் போய்க் குந்தினாள். பாண்டியம்மாள் என்று பெயர் சொன்னாள் அவள்.

"ரூம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாயிருக்கும்மா. பேன்லாம் போட்டிருக்காக."

"நீ வருவியா?"

பாண்டியம்மாள் மாவை இன்னும் வேகமாகப் பிசைந்தாள். கனகா விடவில்லை, குரலைத் தாழ்த்தி மறுபடி கேட்டாள். பாண்டியம்மாள் பெரிய அடுப்பின் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே ஒரு பெரியவர் ஜல்லிக் கரண்டியோடு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

"அது எங்க மாமனாரும்மா. அவரு பாக்க இந்த முத்தத்தத் தாண்டி நான் எப்படிம்மா அங்குட்டுப் போவேன்? இவளுக்கு அண்ணன் இங்க இருக்காக. அவளுக்குச் சித்தப்பா. இம்புட்டு நாளும் ஆச்சி கேக்கவும் மாட்டாக, நாங்க சொல்லவும் மாட்டோம். முடியலைன்னா தலவலின்னு சொல்லிப்பிட்டு வீட்டுக்குப் போயிருவோம். இனிமே எதுக்குப் போறோம்னு போர்டப் பாத்தே தெரிஞ்சுபோகும்ல?"

கனகா எழுந்தாள். அவள் முகம் எனக்கு முப்பது வருடப் பழக்கம். மசோதாவில் எந்த வரி போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாதவிடாய் என்று பெயர் சொல்லியே ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கிய வரி. அதை விட்டால் பேச்சு மாறிவிட்டாள் என்பார்கள். விடாவிட்டால் இந்தப் பெண்கள் யாருமே தொடாத ஒரு சட்டம் வரும். போதாததற்கு, அதை நம்பிச் செலவு செய்த ஒரு மனுஷி கத்தரிக்கோலோடு வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

ரிப்பனை வெட்டினாள். படம் பிடித்தார்கள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நின்னு வேலை செய்ற யாருக்கும் கால் வலிக்கும். இந்த ரூம் எல்லாருக்கும். எப்ப வேணா வரலாம், ஏன் வந்தேன்னு யாரும் கேக்கக் கூடாது." சொன்னதோடு நிற்காமல் அடுப்படிக்குப் போய், "ஐயா, மொதல்ல நீங்க" என்று அந்த மாமனாரையே கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

ஆச்சியின் முகம் சுருங்கியது. "பொம்பளைகளுக்குன்னுதானே கட்டுனேன். நான் என்ன தப்பாவா செஞ்சுபிட்டேன்?"

"தப்பு என்னோடது ஆச்சி. நான் எழுதினதத்தான் நீங்க கட்டியிருக்கீங்க. நீங்க கட்டலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சட்டத்த நான் மாத்தப் போறேன். இந்த போர்ட நீங்க மாத்துவீங்களா?"

ஆச்சி வாடிய முகத்தோடு அண்ணாந்து அந்தப் பலகையைப் பார்த்தார். அது பணம் போன வருத்தம் இல்லை. ஊரைக் கூட்டிவைத்த இடத்தில் நம் நல்ல எண்ணமே தப்பாகிப் போனால் யாருக்குத்தான் தாங்கும்? பிறகு சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அறைக்குள் போனார். கூச்சத்தோடு நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த பெரியவருக்கு எதிரில் தானும் உட்கார்ந்தார். பெரியவர் பதறி எழப் பார்த்தார்.

"சும்மா இருங்க முத்தையா. எனக்கும் முட்டி வலிக்கிதுல்ல" என்றார் ஆச்சி. வெளியே பார்த்து, "ஏப்பா, அந்தப் போர்டக் கழட்டி அங்குட்டு வையி" என்றார்.

மாதவிடாய் நாளில் பெண்கள் அடுப்படியில் நிற்கலாமா என்ற பழைய தீட்டுச் சங்கதி அப்படியேதான் இருக்கிறது. படைப்புக்குப் போகிற பலகாரம். ஆச்சி அதில் இறங்கிவர மாட்டார். கனகாவும் அன்று அதைத் தொடவில்லை. எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிட்டது என்று எழுதினால் நான் சுற்றுலா விளம்பரம் எழுதுகிறவள் ஆகிவிடுவேன்.

பத்தரைக்குக் கிளம்பினோம். மணகோலம் அரைக் கிலோ பொட்டலம் ஒன்றுக்கு இருநூற்றிருபது ரூபாய். ஆச்சி காசு வேண்டாம் என்றார். கனகா வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். ஓட்டுநர் இப்போது கதவெல்லாம் திறந்துவிட்டார். காரில் உட்கார்ந்ததும் கனகா வரைவை மடியில் வைத்து "மாதவிடாய்" என்ற சொல்லை ஒவ்வோர் இடமாக அடித்தாள். மேலே எழுதினாள்: "காரணம் கேட்கப்படாத விடுப்பு."

"சபையில உன்னக் கிழிப்பாங்களே" என்றேன்.

"கிழிக்கட்டும்."

எங்கள் வங்கியில் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் யார் யார் என்று யோசித்தேன். நானும்தான். இவளைத் தோழி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதுமே பெருமைதான்; அன்றைக்குப் பொட்டலத்தைப் பிரித்து முதல் மணகோலத்தை அவளிடம் நீட்டினேன்.

கார் திரும்புவதற்காகக் கொஞ்சம் பின்னால் போனது. திறந்த வாசல் வழியே முற்றம் தெரிந்தது. முத்தையா அடுப்புக்குத் திரும்பியிருந்தார். பாண்டியம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, முற்றத்தின் நடுவிலேயே நடந்துபோய் அந்த அறைக்குள் நுழைந்தாள். முத்தையா எண்ணெயில் கரண்டியை விட்டு மணகோலத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.