பந்து இல்லாத ஓட்டம்

மதினி, என் அண்ணனின் மனைவி, முதன்முதலாக அந்தப் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துறைமுகக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் நாங்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். அண்ணனின் மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்திருந்தாள் மதினி. யாரோ உதைத்த பந்து தரையில் பட்டு, நேராக வராமல் கோணலாகத் துள்ளி, அவள் காலடியில் வந்து நின்றது. அவள் குனிந்து எடுத்து, முட்டை போலிருந்த அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள்.

“என்னளா இது, கோட்டி புடிச்ச பந்தால்லா இருக்கு? எங்கன போவும்னு அதுக்கே தெரியல.”

எங்களைச் சேர்த்து விளையாட வைத்த பி.டி. மேடம் சிரித்துவிட்டார். அவர் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. வெளியூர் முகாம் ஒன்றுக்குப் போனவர், ஆஸ்திரேலியாக்காரர்களின் இந்தக் கால்பந்தைக் கற்றுக்கொண்டு, நான்கு பந்துகளோடு ஊர் திரும்பியிருந்தார். அன்றைக்கு எங்களில் ஒருத்தி வரவில்லை. “பிள்ளைய நான் வச்சிக்கிடுதேன். ஒரு பத்து நிமிசம் நில்லுங்க” என்று மதினியிடம் கேட்டார். மதினி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். பத்து நிமிடம் ஒரு மணி நேரமானது. மறுநாள் யாரும் கூப்பிடாமலே வந்து நின்றாள்.

கால்பந்து என்று பெயர்தானே தவிர, இதில் பந்தைக் கையால் பிடிக்கலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம். எறியத்தான் கூடாது. உதைத்தோ, முஷ்டியால் குத்தியோதான் அடுத்தவளுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் உண்டு. நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே உதைத்துவிட்டால் ஆறு புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் ஒன்றே ஒன்று. நான் எங்கள் வீட்டுப் பெண்களில் உயரமானவள். எம்பிப் பிடிப்பதும் தூரமாக உதைப்பதும் எனக்குச் சீக்கிரம் கைவந்தன. துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்கான ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வருபவளுக்கு, ஒரு உதையில் பந்து வானத்தில் ஏறுவதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம். மதினி சாத்தான்குளத்துக்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஒரு சாண் குட்டை. இறால் கம்பெனியில் குளிர் அறையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவள். அவள் உதைத்தால் பந்து பாதி மைதானம்கூடப் போகாது. ஆனால் ஓடுவாள். ஏன் ஓடுகிறாள் என்று எங்களுக்குப் புரியாத நேரத்தில்கூட ஓடுவாள்.

ஒன்றரை வருடம் கழித்து மாநில அணிக்கு ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். மதுரையிலிருந்து ஒரு அணியும் வந்திருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அவர் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இன்றைய ஆட்டத்தில் ஒரு வீராங்கனைக்கு இருக்க வேண்டிய மிக மதிப்பான குணம் எது? அதுதான் கேள்வி. நான் முக்கால் பக்கம் எழுதினேன். துல்லியமான உதை என்பது என் முடிவு. மற்றவர்கள் வேகம், உயரம், உடல்பலம் என்று எழுதினார்கள். மதினி வெள்ளைத் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

“எழுதலையாம்மா?” என்றார் அவர்.

“எனக்கு எழுத வரல சார். ஆடிட்டுச் சொல்லுதேன்.”

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஆட்டம் கடைசி வரைக்கும் இழுபறிதான். நான் இரண்டு முறை நடுக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தேன். மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். என் தோழிகள் என்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். இறங்கி முகம் கழுவும்போதே மாநில அணிச் சட்டை எனக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பி.டி. மேடம் பட்டியலை வாசித்தார். எங்களில் மூன்று பேர். மூன்றாவது பெயர் மதினியுடையது. என் பெயர் அதற்குக் கீழே, யாராவது வர முடியாமல் போனால் சேர்த்துக்கொள்ளப்படும் முதல் ஆளாக இருந்தது. மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலணிக் கயிற்றை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னோம். அண்ணன் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை, விளையாடப் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் போட்டி வடக்கே, பத்து நாள். அம்மாவோ அக்காவின் பிரசவத்துக்காகக் கயத்தாறில் இருந்தாள்.

“நா வண்டிக்குப் போயிருவேன். பிள்ளைய யாரு பாப்பா?” என்றான் அண்ணன்.

மதினி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, “சரி, நா போவல” என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் என்னைச் சுட்டது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு விடுப்பு மீதமிருந்தது, அது அவளுக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் போகாவிட்டால் அந்த இடம் எனக்கு. இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நியாயமென்றே பட்டது. நான் உதைத்துத்தானே ஜெயித்தோம்?

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் அலுவலகத் தோழி எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு வீடியோ அனுப்பினாள். ஆட்டம் பார்க்க வந்திருந்தவள், நான் உதைத்ததைத் தன் போனில் எடுத்திருந்தாள். அதை நிறுத்த மறந்துவிட்டதால் அடுத்து நடந்ததும் பதிவாகியிருந்தது. பந்து மறுபடி என்னிடம் வருகிறது. பக்கத்தில் ஒருத்தி கை நீட்டிக் கேட்கிறாள். நான் அவளுக்குக் கொடுக்காமல் தூரத்திலிருந்தே உதைக்கிறேன். பந்து மதுரைக்காரி ஒருத்தியின் கைக்குப் போகிறது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் எங்கள் கம்பங்களை நோக்கித் தனியாக ஓடுகிறாள். மறிக்க ஒருத்தரும் இல்லை.

படத்தின் ஓரத்தில் மதினி. நான் உதைத்த பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே அவள் திரும்பி ஓடத் தொடங்கியிருந்தாள். பிடிக்கவே முடியாத தூரம், அவளுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் மைதானத்தின் முழு நீளத்துக்கும் ஓடினாள். அவள் காலடிச் சத்தம் நெருங்குவதைக் கேட்டு மதுரைக்காரி பதறி அவசரமாக உதைக்க, பந்து ஓரத்து இடைவெளியில் போனது. ஆறுக்குப் பதில் ஒன்று. மதினி பந்தைத் தொடவே இல்லை. முழங்காலில் கை ஊன்றி இரண்டு மூச்சு வாங்கிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். அவள் தோளில் தட்டிக்கொடுக்கக்கூட ஆளில்லை. நான் உட்பட.

மூன்று புள்ளியில் ஜெயித்தோம். அந்த ஐந்து புள்ளி மிச்சமாகியிராவிட்டால் தோற்றிருப்போம். சோற்று டப்பாவைத் திறக்காமலே அந்த வீடியோவை ஐந்தாறு முறை ஓட்டிப் பார்த்தேன். சென்னைக்காரர் எதைப் பார்த்து மதினியை எடுத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. உதையும் வேகமும் பந்து கையில் இருக்கும்போது உதவுகிறவை. ஒரு ஆட்டத்தில் பந்து ஒருத்தியின் கையில் இருப்பது மொத்தம் ஒன்றிரண்டு நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் அவளுடைய ஆட்டம். அடுத்தவள் செய்த தப்பைத் தன் தப்பாக எடுத்துக்கொண்டு, கைதட்டல் கிடைக்காத இடத்துக்கு ஓடுகிறவள் ஒருத்தி இருந்தால் அந்த அணிக்குத் தெம்பு வந்துவிடும். அன்றைக்கு அந்தத் தப்பைச் செய்தவள் நான். அதே நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இன்னொன்றும் செய்திருந்தேன்.

உடனே மேலாளரிடம் போய்ப் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் அண்ணன் வண்டியை விட்டுவிட்டு வந்ததும் சொன்னேன்.

“அண்ணே, மதினி போவட்டும். பிள்ளைய நா பாத்துக்கிடுதேன். லீவு போட்டாச்சு.”

அண்ணன் என்னையே பார்த்தான். “அவ போவலன்னா நீதான போவணும்? ஒனக்கு வருத்தமா இல்லியா?”

“இருக்கத்தான் செய்யுது. அதுக்காவ? அவங்கதான் போவணும்.”

மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏளா, அவ ராத்திரி கதை சொல்லாட்டா ஒறங்க மாட்டா. தலை பின்னும்போது கடிப்பா. யோசிச்சிச் சொல்லு.”

“கடிக்கட்டும்” என்றேன்.

கடித்தாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. நான்காம் நாளிலிருந்து என் கதைகளுக்குப் பழகிக்கொண்டாள். காலையில், அண்ணன் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, கடற்கரைச் சாலையில் ஓடப் போனேன். முதல் நாள் கலங்கரை விளக்கத்துக்குப் பாதி வழியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். பத்தாம் நாள் அதைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். எங்கள் மாநிலம் அரையிறுதியில் தோற்றது. கணுக்காலில் கட்டோடு ரயிலிலிருந்து இறங்கிய மதினியிடம் பிள்ளை போக மறுத்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மதினி சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒன் மூஞ்சி கறுத்துப் போச்சே. வெயில்ல ஓடுனியோ?” என்றாள். ஓடுவதைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

இதெல்லாம் நடந்து நான்கு வருடமாகிறது. மதினி இப்போது இறால் கம்பெனியில் ஒரு ஷிஃப்டுக்குப் பொறுப்பாளர். பிள்ளை மூன்றாம் வகுப்பு. மாநில அணியில் எனக்கு இது இரண்டாவது வருடம், மதினிக்கு நான்காவது. இப்போதும் என்னால் தூரமாக உதைக்க முடியும். அதைச் சொல்லி யாரும் என்னைப் பாராட்டுவதில்லை, எனக்கும் அது பெரிதாகத் தோன்றுவதில்லை. போன மாதம் ஒரு ஆட்டத்தில் மதினி குத்தி அனுப்பிய பந்து தவறி எதிரணிக்குப் போய்விட்டது. நான் மறு முனையில் இருந்தேன். எப்போது திரும்பினேன், எப்போது ஓடத் தொடங்கினேன் என்று எனக்கே நினைவில்லை. பாதி தூரத்தில் எனக்குப் பின்னால் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்டது.

“நீ போளா, நிக்காத” என்றாள் மதினி. “நா பின்னாலதான் வாரேன்.”