கொத்தனாரின் கண்ணீரும் கடல் மணலும்

மனந்திரும்புங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குவது உபதேசியார் தொழில். யாராவது நிஜமாகவே திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில், சாலைச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னத் தமிழ்ச் சபையில் எனக்கு அந்த வேலை. தெற்கே இருந்து பிழைக்க வந்த கொத்தனார்கள், ஓட்டல்காரர்கள், கடைச் சிப்பந்திகள்தான் சபையார். போதகர் மாதம் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுப்பார். முந்தின நாள் சாயங்காலம் ஆயத்த ஆராதனை. அவரவர் பாவத்தை உணர்ந்து, யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் தீர்த்துக்கொண்டு மறுநாள் வர வேண்டும் என்பது முறை. தீர்த்து வைக்கிற பாடு என்னுடையது. அடுத்தவர் சண்டைக்கு நடுவே போய்ச் சட்டை கிழிந்து திரும்பியவர்கள் உங்களில் இருந்தால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

முன் வரிசை

பொன்னையன் கொத்தனார் ஆயத்த ஆராதனைக்கு வந்தால் முன் வரிசையில்தான் உட்காருவார். பாவ அறிக்கை ஜெபத்தில் முதல் வரி முடிவதற்குள் அழ ஆரம்பித்துவிடுவார். பொய் அழுகை இல்லை. தோளில் கிடக்கும் துண்டு நனைந்து, பிழிந்தால் சொட்டும். மறுநாள் திருவிருந்திலும் அப்படியே. போதகரே ஒருமுறை பிரசங்கத்தை நிறுத்தி, 'உணர்வுள்ள உள்ளம் என்றால் இதுதான்' என்று கொத்தனாரைக் காட்டினார். அதற்கடுத்த மாதம் முன் வரிசையில் மூன்று பேர் அழுதார்கள். நல்ல போட்டி.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் ஊழியத்துக்கு இப்படி ஒரு பலன் கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன். பெண்கள் பக்கம் இருந்த தங்கம்மைக்கும் அவர்மேல் இரக்கம். தங்கம்மை விதவை, சந்தை வாசலில் ஆப்பம் சுட்டு விற்பவள். அவள் நாக்குக்குப் பயந்து போலீஸ்காரர்கள்கூடச் சட்டினி இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள். அவளே ஒருநாள் கண் கலங்கிச் சொன்னாள்: "பாவம் உபதேசியாரே, எறும்பக்கூட மிதிக்காத மனுசன். எனக்க வீட்டக் கெட்டினது அவராக்கும்."

அடுத்தவன் பாவம்

உற்சாகம் தலைக்கேறி நான் ஒரு புதுமை செய்தேன். ஆயத்த ஆராதனையில் மனதில் பாரம் உள்ளவர்கள் எழுந்து வெளிப்படையாகச் சொல்லலாம் என்றேன். முதலில் எழுந்தவர் ஓட்டல் சமையல்காரர் தேவதாஸ். "எனக்குள்ள ஒரு கசப்பு இருந்தது. எனக்க குடைய எடுத்துட்டுப் போயி கம்பிய ஒடிச்சுக் கொண்டு வந்த செல்லையாவ நான் மன்னிக்கேன்" என்றார். செல்லையா தையல்காரர். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. அவரும் எழுந்து, நேற்றைய வடையைச் சுடவைத்துத் தமக்குக் கொடுத்த தேவதாஸைத் தாமும் மன்னிப்பதாக அறிவித்தார்.

பிறகு வரிசையாக எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சபையில் எல்லாருடைய பாவமும் வெளியே வந்துவிட்டது, அவரவர் பாவத்தைத் தவிர. நான் குரலை உயர்த்தி முடிவு ஜெபத்தை ஆரம்பித்துத் தப்பித்தேன். வாசலில் தேவதாஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல கூட்டம் சாரே, மனசு லேசாச்சு. அடுத்த மாசம் எனக்க மச்சானயும் கூட்டிட்டு வாரேன். அவனயும் மன்னிக்கதுக்கு நெறய உண்டு."

தனியாக ஒரு வார்த்தை

இனிமேல் சொல்ல வேண்டியது இருந்தால் என் அறைக்குத் தனியாக வாருங்கள் என்று அடுத்த வாரமே அறிவித்துவிட்டேன். வந்தது பொன்னையன் கொத்தனார். ஜூனில் பிடிக்கிற இடவப்பாதி மழைக்கு முன்னால் வரும் அந்தப் புழுக்கமான நாட்களில் ஒன்று. உட்கார்ந்தார், அழுதார், துண்டைப் பிழிந்தார், பிறகு சொன்னார். தங்கம்மை வீட்டுக்கென்று வந்த ஆற்று மணலை, அப்போது கட்டிக்கொண்டிருந்த ஒரு பணக்காரரின் மாடிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். தங்கம்மையின் பின்சுவரை உப்பு ஊறிய கடல் மணலில் எழுப்பிவிட்டு, ஆற்று மணல் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தச் சுவரை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் வேர்த்து வழியும், பொருக்கு பொருக்காக உதிரும். போன மழையில் ஒரு பாளம் பெயர்ந்து அவள் தலையணைமேல் விழுந்தது. அன்று அவள் ஆப்பத்துக்கு மாவாட்ட எழுந்திருந்ததால் பிழைத்தாள். இன்னொரு மழைக்கு அது நிற்குமா என்று கேட்டேன். நிற்காது என்று கொத்தனாரே தலையை ஆட்டினார். "அப்படியென்றால் அவளிடம் சொன்னீரா?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கர்த்தர்கிட்டச் சொல்லியாச்சே, அது மதியாவாதா? அவ வாய்க்கு அவரு எவ்வளவோ தேவல."

பாய் போடும் இடம்

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். வழியில் அவருக்கு மூன்று இடத்தில் கால் வலித்தது. தங்கம்மை முற்றத்தில் ஆப்பச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொத்தனார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். கடைசியில், எத்தனையோ மாதமாக அழுது ஜெபித்ததாகவும், கர்த்தர் தம்மை மன்னித்துவிட்ட சமாதானம் மனதில் இருப்பதாகவும் சேர்த்துக்கொண்டார்.

சட்டி பறக்கும் என்று நான் ஒதுங்கி நின்றேன். பறக்கவில்லை. அவள் எழுந்து போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான், எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. திரும்பிய பிறகும் குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "கர்த்தரு மன்னிச்சது இருக்கட்டும் கொத்தனாரே. இந்தச் சுவருக்குப் பக்கத்துல பாயப் போட்டுப் படுக்கது கர்த்தரு இல்லியே, நானாக்கும்."

ஞாயிற்றுக்கிழமை

அந்த மாத ஆயத்த ஆராதனைக்குக் கொத்தனார் வரவில்லை. மறுநாள் திருவிருந்துக்கும் முன் வரிசை காலி. 'நம்முடைய உணர்வுள்ள சகோதரன் எங்கே?' என்று போதகர் கேட்டார். பின்னால் இருந்து தேவதாஸ், சந்தைக்குப் பின்புறம் கொத்து வேலை நடக்கிறது என்று ஆர்வமாகச் சொன்னார். ஓய்வுநாளில், அதுவும் திருவிருந்து நாளில். சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆராதனை முடிந்ததும் கண்டிப்பதற்கான வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வேகமாகப் போனேன்.

தங்கம்மையின் பழைய பின்சுவர் அடியோடு இல்லை. புதியது இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. கடலோரம் விழிஞ்ஞம் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. கொத்தனார் உதவிக்கு ஆள்கூட வைக்காமல் தாமே சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். தங்கம்மையும் கோயிலுக்கு வரவில்லை. கண் மறைந்தால் மணல் மாறிவிடுமாம். திருவிருந்தை விட்டுவிட்டீரே என்றேன். "மழ முந்திரும் சாரே" என்றார். அவ்வளவுதான், நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தை எதற்கும் வேலை இல்லாமல் போனது. ஆனால் திருவிருந்து என்றதும் அவர் கண் நிறைந்து, கை தோள் துண்டைத் தேடியது. தங்கம்மை குவியலிலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், துப்பினாள், ஒரு தட்டில் ஆப்பத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "மணல்ல உப்பு இல்ல. நீரு அழுது அதுல உப்புச் சேத்துராதேயும்."

மனந்திரும்புதலைப் பற்றி நான் செய்த பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. அதை நாக்கில் வைத்துச் சோதித்து வாங்கியவள் என் சபையில் தங்கம்மை ஒருத்திதான்.